பூட்டியைக் கேட்காத சட்டம்

(நமுனுகுலயில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் தோட்டத்துப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். கோப்பிக் காலத்திலோ, தேயிலையின் தொடக்க காலத்திலோ இந்த நமுனுகுல மலைச்சரிவுக்கு வந்து சேர்ந்த பெண்ணை, நம் குடும்பத்தின் முதல் பெண்ணை, இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் இன்றைய பேச்சு.

முதல் ஆணைப் பற்றி நம் வீடுகளில் ஏதோ ஒரு கதை இருக்கும். பாட்டன் இன்ன கங்காணியோடு வந்தார், இன்ன மலையில் காடு வெட்டினார் என்று சொல்வோம். அவரோடு வந்தவள் யார் என்று கேட்டால் அப்பாயி என்போம், பூட்டி என்போம். முறை தெரியும், பெயர் தெரியாது. இதற்கு நம் மறதியை மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் பெயரை எழுதி வைக்கும் தேவை யாருக்கும் இருக்கவில்லை. பிறகு எழுதச் சொல்லிச் சட்டம் வந்தபோதும் அது பூட்டனைத்தான் கேட்டது, பூட்டியைக் கேட்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். அங்கே முன்னோரைத் தேடுவது பெரிய பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. யூட்டா மாநிலத்தில் 1894இலேயே வம்சாவளிச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். 1840களிலும் 50களிலும் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஒரேகன் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் தூரத்தை மாட்டு வண்டிகளோடு கடந்து போன பெண்களை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி முடிகிறது? 1850ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் வீட்டுத் தலைவரை மட்டுமல்லாமல் வீட்டிலிருந்த சுதந்திரமான ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதினார்கள். அதே 1850இல் வந்த ஒரேகன் நிலக்கொடைச் சட்டம் மணமான தம்பதிக்கு 640 ஏக்கர் கொடுத்தது. அதில் பாதி மனைவியின் பெயரில். 1862இல் வந்த குடியேற்ற நிலச் சட்டம் விதவைக்கும், மணமாகாத பெண்ணுக்கும் 160 ஏக்கர் வரை கோரும் உரிமை கொடுத்தது. நிலம் கேட்டால் மனு எழுத வேண்டும். மனுவில் பெயர், வயது, பிறந்த ஊர், பிள்ளைகள் எல்லாம் வரும். சாட்சி சொன்ன அயலவர் பெயரும் வரும். நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பேத்தி வந்து கோப்பைத் திறந்தால் பாட்டி கிடைத்துவிடுவாள்.

இதே நாட்டில் இதே 1850இல் இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்குத் தனிப் பட்டியல். அதில் எசமானின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெரும்பாலும் பெயர் இருக்காது. அடிமைமுறை ஒழிந்த பிறகு 1870இல் எடுத்த கணக்கில்தான் அந்த மக்கள் அத்தனை பேரும் பெயரோடு வருகிறார்கள். இன்றைக்கும் கறுப்பினக் குடும்பங்கள் தேடிப்போனால் 1870இல் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கிடைத்த அந்த நிலமும் வெறும் நிலமல்ல. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது.

ஆக, காகிதம் சொத்தின் பின்னால் போகிறது. சொத்து வைத்திருந்தவருக்குக் கோப்பு இருக்கிறது. சொத்தாக எண்ணப்பட்டவருக்கு எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. நம் பூட்டி இந்த இரண்டு பட்டியலில் எதற்கு அருகில் நிற்கிறாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது நம் ஊவாவுக்கு வருவோம். 1817–18 கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவின் சிங்களக் கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாயின. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் வந்து, உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுக் காணி என்றது. அந்தக் காணிகள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. ஒரேகனைப் போலவே, நம் முன்னோர் கோப்பி நடுவதற்கு முன்பே இந்த மலைக்கும் ஒரு சோகக் கதை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ஒரேகன் போன பெண்ணுக்கும் இங்கே வந்த பெண்ணுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவளுக்கு 320 ஏக்கர் கிடைத்தது. இவளுக்கு வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதுவும் வேலை இருக்கும் வரை.

வந்த துரைமாரின் பெயர்களைப் பாருங்கள். பெர்குசன் நிறுவனத்தின் இலங்கைக் கையேட்டில் தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, சொந்தக்காரர், துரை என்று எல்லாம் அச்சில் இருக்கும். முன்னோடித் தோட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை அதே நிறுவனம் 1890களில் தொடராகவே வெளியிட்டது. இறந்த வெள்ளையரின் கல்லறை வாசகங்களைப் பென்ரி லூயிஸ் தொகுத்து 1913இல் நூலாக்கினார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இறந்த விதம், பதவி, படைப்பிரிவு எல்லாம் நமக்குத் தெரியும். அதே ஆண்டுகளில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் வழியில் இறந்தார்கள். 1841 முதல் 1848 வரை 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. அந்த எழுபதாயிரத்தில் ஒருவருக்கும் கல் இல்லை.

பெயர் இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மக்கள் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் கயானாவுக்கும் போனபோது ஒப்பந்தம் எழுதிக் கப்பல் ஏறினார்கள். ஒப்பந்தம் கொடுமையானது. ஆனால் ஒவ்வொருவருக்கும் குடியகல்வுச் சீட்டு ஒன்று இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பிலுள்ள தழும்பு வரை அதில் எழுதியிருக்கும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் பட்டியல் இருக்கிறது. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தக் காலத்துப் பதிவேடுகளும் புகைப்படங்களும் காக்கப்படுகின்றன. கயானா வழிவந்த எழுத்தாளர் கயூத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியாக, வயிற்றுப்பிள்ளையோடு கப்பல் ஏறிய தன் பூட்டி சுஜாரியாவின் சுவட்டைப் பிடித்துப் போய் ஒரு நூல் எழுதினார். 2013இல் வெளியான அந்த நூலுக்கு அடியாதாரமாக இருந்தவற்றில் ஒன்று அந்தச் சீட்டுத்தான்.

இலங்கைக்கு அந்தச் சீட்டு இல்லை. பாக்கு நீரிணையைத் தாண்டுவது கடல் கடந்த குடியேற்றமாகவே கருதப்படவில்லை. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் தோணி ஏறினால் மன்னார்க் கரை. ஆளை அறிந்தவர், ஆட்களைத் திரட்டிக் கூட்டிவந்த கங்காணி ஒருவரே. துரைக்குக் கங்காணியைத் தெரியும், கங்காணிக்குத் தன் ஆட்களைத் தெரியும். அரசாங்கத்துக்குத் தலைக்கணக்கு தெரியும்.

கங்காணியின் கணக்கில் நம் பூட்டி எப்படி வருகிறாள்? கடனாக வருகிறாள். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணம். அதைத் தனித்தனியாகவும் தீர்க்க முடியாது. கங்காணியின் கீழிருக்கும் கூட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை. அந்தத் தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக விலை பேசலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. அதற்கு முன்பே, 1900களின் தொடக்கத்தில் தகரச்சீட்டு வந்துவிட்டது. தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணும் பொறித்த சின்ன வட்டத் தகரம். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அதில் எண் இருந்தது, பெயர் இல்லை.

நம்மில் பெரும்பாலோரின் முதல் பெண் எப்போது வந்திருப்பாள்? கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஆண்கள்தான் மிகுதி. கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதம் ஆள் வேண்டும். பறித்து முடித்தால் ஊருக்குத் திரும்பி அறுவடைக்கு நிற்பார்கள். 1869இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத மடுல்சீமையில் கோப்பி இலையில் மஞ்சள் பூசினாற்போல ஒரு நோய் கண்டது. அது பரவிப் பதினைந்து இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பியைத் தின்று தீர்த்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். கொழுந்துக்குப் பெண்ணின் கை வேண்டும் என்று துரைமார் முடிவு செய்தார்கள். வந்து போகும் ஆண் கூலி போய், தங்கி வாழும் குடும்பம் வந்தது. இடையில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் உலுக்கி, மக்களை இங்கே துரத்தியது. ஆக, நம் குடும்பங்களை இந்த மண்ணில் ஊன்றியவள் பெண். அவள் வராவிட்டால் தேயிலை இல்லை, லயத்தில் பிள்ளை இல்லை, மலையகம் என்ற சமூகமே இல்லை. அவளுக்கோ சம்பளம் ஆணைவிடக் குறைவு. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட அந்தக் குறைவை எழுத்திலேயே வைத்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது 1984இல்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அது நம்மிடம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும், அவனுடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்களா? காட்டு என்றது. மலையக மக்கள் ஒவ்வொருவரையும் ஒரே நாளில் வம்சாவளி ஆராய்ச்சிக்காரர்களாக்கிய சட்டம் அது. பிறப்பு இறப்புகளைப் பதியும் முறையே 1867இல்தான் இந்த நாட்டில் ஒழுங்காகத் தொடங்கியது. தோட்டத்து லயங்களுக்கு அது சரியாக வந்து சேரப் பின்னும் நெடுங்காலம் ஆனது. கோப்பிக் காலத்தில் லயத்தில் பிறந்த பூட்டனுக்குச் சான்றிதழ் எங்கே போவது? நாட்டில் மற்றவர்களிடமும் அந்தக் காகிதம் இருக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் தொட்ட வரிசையைக் கவனியுங்கள். தகப்பன், பாட்டன், பூட்டன். தாய் இல்லை, பாட்டி இல்லை, பூட்டி இல்லை. ஒரு பெண் இந்த மலையிலே பிறந்து, இங்கேயே பெயர் பதிந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே புதைக்கப்பட்டிருந்தாலும் அவள் பேரனுக்கு அது ஒரு சான்றாகாது. இன்றைக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாய்க்கு ஒரு கூடு இருக்கிறது. அதற்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், ஆண்டு, இடம் என்று ஒரு கூடு. பூட்டனுக்கும் ஒரு கூடு. பாட்டிக்குக் கிடையாது. தாய் வழியாகவும் வம்சாவளிப் பிரஜாவுரிமை செல்லும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல்தான்.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். மனுப்போட 1951 ஓகஸ்ட் வரை தவணை. மனுதாரரின் மனைவியும் இங்கேயே தொடர்ந்து இருந்தாளா என்ற கேள்வியும் வந்தது. தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போன பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், அந்தப் பயணத்துக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. 1964 அளவில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

அநீதிக்கு எழுதிய அந்த மனுக்கள்தாம் இன்று நம் குடும்ப வரலாற்றுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய எழுத்துக் களஞ்சியம். எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பெயர் பதிந்தது, எப்போது மணம், பிள்ளைகள் யார் யார், இந்தியாவில் எந்தக் கிராமம் என்று ஒரு குடும்பம் தன்னைப் பற்றி முதன்முறையாக வரிசையாகச் சொன்னது அங்கேதான். சில வீடுகளில் அந்த மனுவின் நகல் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கிறது. பழைய காகிதம் என்று எரித்துவிடாதீர்கள்.

அடுத்தது 1964 ஒக்டோபர் 30. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பிரித்தன. அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. கோச்சிப் பெட்டிக்குள்ளும் வெளியிலும் அழுகை. மலைநாட்டில் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. தலைமன்னார்க் கப்பல் 1984 வரை ஓடியது. மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் கோத்தகிரி, கூடலூர், இன்னும் எங்கெங்கோ போனார்கள். அவர்கள் கையில் குடும்ப அட்டை இருந்தது. வீட்டிலுள்ள எல்லோர் பெயரும், பூர்வீக ஊரும் அதில் இருக்கும். உங்கள் பூட்டியின் ஊரை நீங்கள் மறந்திருக்கலாம். நீலகிரியில் இருக்கும் உங்கள் சின்னம்மாவின் குடும்ப அட்டையில் அது எழுதியிருக்கும். நம் வரலாற்றில் பாதி அங்கே இருக்கிறது. கைபேசியில் பேசுகிறோம், கலியாணப் படம் அனுப்புகிறோம். அடுத்த முறை அந்த அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி தேடும் முறை. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மூத்த பெண்ணிடம் தொடங்குங்கள். ‘எந்த ஆண்டு வந்தார்கள்’ என்று கேட்டால் தெரியாது என்பார்கள். எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். மாத்தளை வரை நடந்து, அங்கிருந்தும் நடந்தே வந்தார்கள் என்றால் அது பழைய வரவு. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல், மாத்தளைக்கு 1880இல், நானுஓயாவுக்கு 1885இல், அப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல். பதுளைக்கு 1924இல்தான். ‘பண்டாரவளையில கோச்சிய விட்டு எறங்கி மல ஏறுனாங்க’ என்று அம்மாயி சொன்னால் அது 1894க்குப் பிந்தியது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தலைமன்னார்க் கப்பலும் அங்கிருந்து வண்டியும் என்றால் 1914க்குப் பிந்தியது. தகரச்சீட்டு என்ற பேச்சு வந்தால் இருபதாம் நூற்றாண்டு. கோப்பிக் காடு என்றால் 1880களுக்கு முன் அல்லது அதை ஒட்டி. சிங்கோனா மரத்தில் பட்டை உரித்த கதை இருந்தால் இன்னும் சுருக்கிவிடலாம், அந்தப் பயிர் 1880களில் கொஞ்ச காலம்தான் கொழித்தது.

அடுத்து, பெயர். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். உங்கள் அம்மாயியின் பெயர் அவருடைய அப்பாயியின் பெயராக இருக்க வாய்ப்பு உண்டு. இது துப்பும் கொடுக்கும், குழப்பமும் செய்யும். தோட்டக் காரியாலயத்தில் ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எழுத்தைப் பிடித்துத் தொங்காமல் ஓசையைப் பிடியுங்கள்.

மூன்றாவது, பெண் நகர்ந்த வழி. ஆண் பிறந்த தோட்டத்திலேயே பெயர் பதிந்து வாழ்ந்து முடிக்கலாம். பெண் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போவாள். ஸ்பிரிங்வேலியில் பிறந்தவள் கனவரல்லவுக்கு வருவாள், அவள் மகள் பசறைப் பக்கம் போவாள். பெண் எடுத்த தோட்டம், கொடுத்த தோட்டம் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் செய்துகொண்ட குடும்பங்களில் அந்தக் கோடு சுற்றி வந்து முதல் தோட்டத்திலேயே சேரும். முதலெழுத்தாகத் தகப்பன் பெயரை மட்டும் போடும் நமக்கு இந்தக் கோடு பெயர்ப் பட்டியலில் ஒருபோதும் தெரியாது.

நான்காவது, சாமி. தோட்டத்து மாரியம்மன் எல்லோருக்கும் பொது. குலதெய்வம் உங்களுக்கு மட்டும் உரியது. அது எந்தக் கருப்பு, எந்த முனி, எந்த அம்மன்? அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட ஊர்க் கோவில் இருக்கும். அங்கே உங்கள் பங்காளிகள் இன்றும் படையல் போடுவார்கள். ஆனால் குலதெய்வமும் ஆண் வழியில்தான் வரும். ஆகவே பூட்டியின் பிறந்தவீட்டுச் சாமி எது என்று தனியாகக் கேளுங்கள். கூத்தையும் கவனியுங்கள். பொன்னர் சங்கர் கதையை விடாமல் ஆடிய தோட்டம் என்றால் திருச்சி, கொங்குப் பக்கத்துத் தொடர்பு இருக்கலாம் என்று யோசிக்க இடமுண்டு. பெண்களின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஊர்ப் பெயர் வரும், தாய்மாமன் பெயர் வரும். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டித் தந்திருக்கிறார். உங்கள் லயத்துப் பாடலை யார் திரட்டுவது?

ஐந்தாவது, காகிதம். எல்லோரும் பிறப்புச் சான்றிதழையே தேடுகிறார்கள். மரணச் சான்றிதழைத் தேடுங்கள். இறந்தவரின் தாய் தகப்பன் பெயருக்கு அதில் இடம் உண்டு. உங்கள் பாட்டியின் மரணப் பதிவில் பூட்டியின் பெயர் இருக்கக்கூடும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். கிறிஸ்தவக் குடும்பங்கள் திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்கள். தோட்டத் தமிழருக்கென்று தமிழ்க் கூலி மிஷன் 1854இலேயே தொடங்கிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான பழைய செக்ரோல் புத்தகம் காரியாலய மூலையில் இருந்தால் தொழிற்சங்கத் தலைவர்மார் அதைக் காப்பாற்ற வழி பாருங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறின. 1992இல் கம்பெனிகளுக்கு மாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் முதலில் குப்பைக்குப் போவது பழைய புத்தகம்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெருமைக்காக வம்சாவளி தேடாதீர்கள். தேடிப்போனால் கூச்சப்பட வேண்டிய விடயங்களும் வரும். பூட்டி புருசனை விட்டுவிட்டு வந்திருப்பாள். வேறு சாதிக்காரரோடு வந்து, சொந்த ஊருக்கே திரும்ப முடியாமல் இருந்திருப்பாள். விதவையாகக் கங்காணியின் கூட்டத்தில் சேர்ந்து இங்கே மறுமணம் செய்திருப்பாள். கடல் தாண்டியதால் கிடைத்த சின்ன விடுதலை அது. அதை மறைத்து அவளைப் பதிவிரதையாக்கினால் மறுபடியும் அவளைத் தொலைத்தவர்கள் நாம்தான். சாதியும் அப்படியே. கங்காணி ஒரு சாதி, கூட்டத்தில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதி என்பது பல தோட்டங்களின் கதை. பெயரை மாற்றி, ஊரை மாற்றிச் சொன்ன குடும்பங்களுக்கு அதற்கான காரணம் இருந்தது. எழுதும்போது உண்மையை எழுதுங்கள். எதை வெளியிடுவது, எதை வீட்டோடு வைப்பது என்று பெரியவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இதை ஏன் இப்போது செய்ய வேண்டும்? 2014 ஒக்டோபர் 29 காலையில் இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் போயின. உயிரோடு இருந்தவர்களின் காகிதங்களும் மண்ணுக்குள் போயின. மண்சரிவு எச்சரிக்கை உள்ள லயங்களில் இன்றும் நம் மக்கள் குடியிருக்கிறார்கள். தகரப்பெட்டியில் இருப்பதைப் படம் எடுத்து வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பது பெரிய செலவில்லை. 2023இல் மலையகம் 200 என்ற இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். வந்த பாதையை நினைவுகூர்ந்தது நல்லது. அந்தப் பாதையில் வந்தவளின் பெயரையும் நினைவுகூர வேண்டும்.

இந்த அவையிலிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். சாதாரண தரம் எழுதப்போகும் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். தாயின் பெயர், தாயின் தாய் பெயர், அவளுடைய தாய் பெயர். மூவரும் பிறந்த தோட்டம், வாழ்க்கைப்பட்ட தோட்டம், பிறந்தவீட்டுச் சாமி, இந்தியாவில் ஊர். தெரியாத இடத்தை வெறுமையாக விடட்டும், பிறகு நிரப்பலாம். அந்தப் பக்கங்களைத் தைத்துப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள், ஒரு பிரதியைப் பதுளைப் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். ஐந்தாறு பாடசாலைகள் இதைச் செய்தால், ஐந்தாறு ஆண்டில் நமுனுகுல, பசறை, ஹாலிஎல, எல்லப் பகுதித் தோட்டங்களின் பெண்வழிப் பதிவேடு ஒன்று நம் கையில் இருக்கும். சட்டம் கேட்காத கேள்வியை நாம் கேட்போம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.